ஆளில்லாத காருக்குள் தணிகைவேல்

குளிக்கப் போனால் தணிகைவேல் தாழ்ப்பாள் போடுவதில்லை. கதவை ஒருக்களித்து வைத்துவிட்டு, உள்ளே ஆள் இருப்பதற்கு அடையாளமாகக் கனைத்துக்கொண்டே இருப்பார். சோப்புப் போடும்போது ஒரு கனைப்பு, தலைக்கு ஊற்றும்போது ஒரு கனைப்பு. "தெருவுக்கே தெரியுது நீ குளிக்கிறது. தாப்பா இன்னாத்துக்கு அடிச்சி வெச்சிக்கீது?" என்று அடுப்படியிலிருந்து மனைவி தேவசேனா கேட்பாள். பதிலுக்கும் ஒரு கனைப்புதான் வரும்.

சத்தியவேட்டில் பஸ் ஏறும்போது படிக்கட்டை ஒட்டிய இருக்கை கிடைக்கவில்லையென்றால் அடுத்த பஸ்ஸுக்கு நிற்பார். ஏ.டி.எம். அறைக்குள் நுழையுமுன் ஒரு செருப்பைக் கழற்றிக் கதவிடுக்கில் செருகிவிடுவார். லிஃப்ட் இருக்கும் கட்டிடங்களில் முழங்கால் வலிக்க மாடி ஏறி, "ஒடம்புக்கு நல்லது" என்பார். மூடிய கதவைக் கண்டால் நெஞ்சு அடைக்கிறது என்று ஒரு மனிதரிடமும் அவர் வாய்விட்டுச் சொன்னதில்லை. லாரி, டெம்போ, பள்ளிக்கூட வேன் என்று பதினெட்டு வயதிலிருந்து வண்டி ஓட்டுகிறவர். ஓட்டுகிறவன் வாயிலிருந்து பயம் என்ற சொல் வரக்கூடாது என்பது அவர் கட்டிக் காத்துவந்த மானம்.

இப்படிப்பட்டவர் பிழைப்புக்குச் செய்கிற வேலை, ஒரு பெட்டிக்குள் அடைபட்டுப் படுத்துக்கொள்வது.

ஒரு கார் கம்பெனி, இன்னும் இருபது வருடம் கழித்துச் சாலையில் ஓடப்போகும் வண்டி எப்படி இருக்கும் என்று காட்டுவதற்காக ஒரு மாதிரி செய்து வைத்திருக்கிறது. கான்செப்ட் கார் என்கிறார்கள். விற்பனைக்கு அல்ல, ஊர் ஊராகக் கொண்டுபோய்க் காட்டுவதற்கு மட்டும். ஆற்றில் உருண்டு உருண்டு வழவழப்பான கூழாங்கல்லை யானையளவு பெருக்கியது போன்ற உருவம். மூக்கிலிருந்து வால்வரை ஒரே கறுப்புக் கண்ணாடி. முன் விளக்குக்குப் பதில் நெற்றியில் ஒரு வெளிச்சக் கோடு. பக்கக் கண்ணாடி கிடையாது. சக்கரங்கள் பாதி மூடியிருக்கும். உள்ளே ஸ்டியரிங் கிடையாது, பிரேக் கிடையாது, ரயில் பெட்டியைப் போல் எதிரெதிர் இருக்கைகள். கதவுக்குக் கைப்பிடியும் கிடையாது. கைப்பிடி இல்லாததுதான் நாளைய அழகு என்று அதை வரைந்தவர்கள் முடிவு செய்திருந்தார்கள்.

"மொகம் இல்லாத வண்டி" என்பார் தணிகைவேல். "லாரிக்கு மொகம் கீது. ஆட்டோக்கு மொகம் கீது. இத்தப் பாத்தா, இது நம்மள பாக்குதா இல்லியான்னு தெரியல."

தானே ஓடும் வண்டி என்று சொல்லித்தான் அதைக் காட்டுவார்கள். தானே ஓட்டும் மூளை இன்னும் கம்பெனியின் சோதனைக்கூடத்தை விட்டு வரவில்லை. அது வரும்வரை, பின்னிருக்கைக்கு அடியில், பேட்டரி இருப்பதாகச் சொல்லப்படும் இடத்தில், ஒரு மனிதர் படுத்துக்கொண்டு ஓட்ட வேண்டும். "நாடகத்துல திரைக்குப் பின்னால ஆள் நிக்கறதில்லையா? அது மாதிரிதான்" என்பார் ஆதிகேசவன். காரை ஊர் ஊராக எடுத்துப்போகும் ஒப்பந்தக்காரரின் மேனேஜர் அவர். ஸ்ரீசிட்டி தொழிற்சாலை ஒன்றுக்கு ஆள் ஏற்றிவரும் வேனிலிருந்து தணிகைவேல் இறங்குவதைப் பார்த்து, அவர் குட்டை உருவம் பிடித்துப்போய்க் கூப்பிட்டவர். சட்டை தைப்பவரைப் போல டேப் வைத்துத் தோளை அளந்தார், இடுப்பை அளந்தார், குந்தச் சொல்லி முழங்காலை அளந்தார். "தெய்வமாப் பாத்து அனுப்பிச்ச சைஸுப்பா நீ" என்றார். அந்த நிமிடத்தில், நமக்கு இது ஆகாது சார் என்று சொல்லியிருக்கலாம். கூட நாலு டிரைவர்கள் நின்று பார்த்துக்கொண்டிருந்ததால் தணிகைவேல் சிரித்து வைத்தார்.

வண்டியின் பின்புறம் ஒரு மூடி உண்டு. வெளியிலிருந்து பார்த்தால் அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. ஆதிகேசவன் கையிலிருக்கும் பட்டனை அழுத்தினால்தான் திறக்கும். தலையை முன்னால் விட்டு உள்ளே ஊர்ந்து, ஒருக்களித்துப் படுத்து, முழங்காலை வயிற்றோடு மடக்கிக்கொண்டால், பாதம் மூடியைத் தொடும். செருப்பு ரப்பர் கிறீச்சிடும் என்பதால் வெறுங்கால். முகத்துக்கு எதிரே, வெளியே இருப்பதைக் காட்டும் கையகலத் திரை ஒன்று. வலது கைக்கு ஒரு லீவர், இடது கைக்கு ஒரு லீவர். பிடரிக்குப் பின்னால் குட்டி ஃபேன். காதில் செருகிய, தனி பேட்டரியில் ஓடும் இயர்போனில் ஆதிகேசவன் குரல். கேட்கலாம், பதில் பேச முடியாது. உள்ளே மைக் வைத்தால் மூச்சுவிடும் சத்தம் வெளியே போய்விடும் என்று வைக்கவில்லை. சத்தம் என்ற பேச்சுக்கே அங்கே இடமில்லை. தும்மல் வந்தால்கூட உள்ளங்கையைக் கடித்துக்கொள்ள வேண்டும்.

உள்ளே போகுமுன் நடக்கும் பேச்சு எல்லா ஊரிலும் ஒன்றுதான்.

"சார், பட்டன் பாக்கெட்ல கீதா?"

"இருக்குப்பா."

"பேட்டரி புல்லா சார்?"

"புல்லுதான்."

"ஒரு வாட்டி மூடித் தொறந்து காட்டுங்க சார்."

வண்டி தள்ள வரும் ரமணா வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பான். "அன்னா, ஃப்ரிட்ஜுக்குள்ள போறவனாட்டம் பயப்படறியே. உள்ள வெச்சா நீ கெட்டுப்போவ மாட்ட, போ."

"பயமா? எனக்கா? வேலையில ஒரு ஒழுங்கு வோணும்டா" என்று சொல்லிக்கொண்டே தணிகைவேல் தலையை உள்ளே விடுவார். மூடி மூடும்போது டப்பென்று சத்தம் வராது. மெத்தென்று, சோற்றுப்பானை மூடி உட்காருவது போல உட்காரும். உட்கார்ந்ததும் பாதத்தால் அதைத் தடவிப் பார்ப்பார். அப்புறம் ஒவ்வொரு நிமிடமும், பட்டன் வேலை செய்யவில்லையென்றால் என்ற ஒரே நினைப்புதான்.

வீட்டில் வேறு கதை. உள்ளே படுத்து ஓட்டுகிறார் என்பது தேவசேனாவுக்குத் தெரியும். ஆனால் எதை ஓட்டுகிறார் என்று அவர் சொன்னது வேறு. அந்த வண்டி மரச்சட்டத்தின் மேல் ஃபைபர் தகடு ஒட்டிய கூடு. அதற்குள் இருப்பது பேட்டரி ஆட்டோவின் மோட்டார். ஆள் நடக்கும் வேகத்தில் போகும், தரைவிரிப்பின் விளிம்பில் ஏறவே முனகும். இதைப் போய்ப் பெண்டாட்டியிடம் எப்படிச் சொல்வது?

"எவ்ளோ வேகம் போவும் மாமா?"

"அது நெனச்சா திருமலைய ஒரே மூச்சுல ஏறிடும். யானை பலம். புடிச்சி நிறுத்தறதுதான் கஷ்டம். எல்லாராலயும் முடியாது."

அவள் வாயில் கைவைத்துக்கொண்டாள். "கண்ணு மொகம் இல்லாதது. யானை பலம் வேற. பூசை போட்டாங்களா?"

"கம்பெனில ஒத்துக்க மாட்டாங்க. பெயின்ட்ல கறை பட்டுடுமாம்."

"சைக்கிள் வாங்கினாலே பொட்டு வெச்சி, சக்கரத்துக்கு அடியில எலுமிச்சம்பழம் வெச்சி ஏத்தறோம். இத்தாம் பெரிய வண்டி, இன்னும் ஒரு பழம்கூட நசுக்கலியா? அதுக்குள்ள நீ போய்ப் படுத்துக்கினு வர்ற?"

"போடி, பைத்தியம்" என்று எழுந்து போனார். ஆனால் அன்றைக்குச் சோறு சரியாக இறங்கவில்லை. பலி வாங்காத வண்டி என்று ஊரில் சொல்வார்கள். பழத்தை நசுக்காத சக்கரம் வேறெதையாவது நசுக்கும் என்ற நினைப்பு அவருக்கும் உள்ளூர உண்டு.

போன மாசி மாதம் அந்தக் கார் திருப்பதிக்கு வந்தது. ஓர் இன்ஜினியரிங் கல்லூரியின் பெரிய அரங்கத்தில் கண்காட்சி. வீட்டிலிருந்து போய்வரும் தூரம் என்பதால், "நானும் பாக்கணும்" என்று தேவசேனா புதுப்புடவை கட்டிக்கொண்டு கூடவே பஸ் ஏறினாள். கையில் ஒரு துணிப்பை. புத்தூர் தாண்டும்வரை அதை மடியைவிட்டு இறக்கவில்லை. சாப்பாடாக இருக்கும் என்று அவர் நினைத்துக்கொண்டார்.

காலை நிகழ்ச்சி. கறுப்புத் துணி போர்த்திய வண்டி மேடையின் ஓரத்தில் நின்றது. துணிக்குள் புகுந்து, பட்டனைப் பற்றியும் பேட்டரியைப் பற்றியும் கேட்டுவிட்டு, தணிகைவேல் ஊர்ந்து உள்ளே போனார். மூடி உட்கார்ந்தது. வெளியே பாட்டு, கைதட்டல், தலைமை விருந்தினர் பேச்சு. பிறகு தொகுத்து வழங்கும் பெண்ணின் குரல் தெலுங்கில் கணீரென்று எழுந்தது. "லோபல எவரூ லேரு!" உள்ளே யாருமே இல்லை. அதையே ஆங்கிலத்திலும் சொன்னாள். கூட்டம் ஓவென்றது. துணி விலகித் திரையில் வெளிச்சம் வந்தது.

"மெதுவா எடு" என்றார் காதில் ஆதிகேசவன்.

லீவரை முன்னால் தள்ளினார். வண்டி அசைந்தது, அசைந்த இடத்திலேயே நின்றது. இன்னும் கொஞ்சம் தள்ளினார். சக்கரம் எதிலோ முட்டிப் பின்னால் வந்தது. "என்னப்பா ஆச்சு? எடு!" முழுக்கத் தள்ளினார். மோட்டார் அடித்தொண்டையில் அலறி, எங்கோ பட்டென்று ஒரு பொறி தெறித்து, திரை அணைந்தது. பிடரியில் ஃபேன் நின்றது.

இருட்டு என்றால் அப்படி ஓர் இருட்டு. கண்ணைத் திறந்தும் மூடியும் பார்த்தார், வித்தியாசம் தெரியவில்லை. வயர் போகிற ஓட்டை வழியே ஒரு வாசனை ஏறி வந்தது. பச்சை எலுமிச்சம்பழத் தோல் கசங்கிய வாசனை. அவருக்கு விளங்கிவிட்டது. மலையை ஒரே மூச்சில் ஏறுகிற வண்டி, ஒரு பழத்தின் மேல் ஏற முடியாமல் செத்துக் கிடந்தது.

வெளியே சிரிப்பு. "கார் யோசித்துக்கொண்டிருக்கிறது" என்று அந்தப் பெண் ஏதோ சமாளித்தாள். காதில் ஆதிகேசவனின் குரல் கிசுகிசுப்பாக வந்தது.

"தணிகை, கேளு. ஃபியூஸ் போயிடுச்சு. பட்டன் வேலை செய்யல. பின்னாடி ஸ்குரூ எல்லாம் கழட்டித்தான் மூடிய எடுக்கணும். ஆளுங்க முன்னாடி முடியாது. விருந்தினருங்க அடுத்த ஸ்டாலுக்குப் போவட்டும். அதுவரைக்கும் மூச்சு காட்டாத."

மூச்சு காட்டாத. மேடை விளக்குகளின் சூடு ஃபைபரைத் துளைத்துக்கொண்டு இறங்கியது. கண் இமையில் வியர்வை வழிந்தது, துடைக்கக் கை வரவில்லை. இழுத்த மூச்சு பாதியிலேயே முட்டியது. இதே காற்றைத்தான் மறுபடி மறுபடி இழுக்கிறோம் என்று தோன்றியதும் நெஞ்சு தறிகெட்டு அடித்துக்கொண்டது. கத்து என்றது உடம்பு. கூட நின்று பார்ப்பது இப்போது நாலு டிரைவர்கள் இல்லை, ஓர் அரங்கமே. கத்தினால் இந்த வேலை போகும். தணிகைவேல் பயந்து கத்தினான் என்பது சத்தியவேடுவரைக்கும் போகும். உள்ளங்கையைக் கடித்துக்கொண்டார்.

ஆதிகேசவன் மைக்கை அணைக்க மறந்திருந்தார். காதில் தேவசேனாவின் குரல் கேட்டது.

"சார், கதவத் தொறங்க சார். எங்க மாமா உள்ள கீறாரு."

"மெதுவாப் பேசும்மா. உள்ள யாரும் இல்லன்னு மைக்ல சொல்லியாச்சு."

"பழம் நான்தான் சார் வெச்சேன். துணிக்கு அடியில கைய விட்டு நாலு சக்கரத்துக்கும் வெச்சேன். யானை பலம்னு சொன்னாரு சார், நசுக்கிக்கினு போயிடும்னு நெனச்சேன். என்ன இன்னா வோணா பண்ணுங்க. அவர வெளிய எடுங்க."

"அவருக்கு ஒண்ணும் இல்லம்மா. கஷ்டமா இருந்தா சத்தம் குடுப்பாரு இல்ல? சத்தமே இல்ல பாரு. நல்லா இருக்காருன்னு அர்த்தம்."

பிறகு தேவசேனா சொன்னாள். கத்தவில்லை, தணிந்த குரலில்தான் சொன்னாள்.

"அவரு சத்தம் குடுக்க மாட்டாரு சார். பயமா கீதுன்னு செத்தாலும் வாயால சொல்ல மாட்டாரு. எனக்குத் தெரியும். கட்டிக்கினு வந்த நாள்லருந்து தெரியும்."

இருட்டில் தணிகைவேலின் பல் உள்ளங்கையை விட்டது.

முழங்கால்களை இன்னும் நெஞ்சோடு இழுத்து, இரண்டு கால்களையும் சேர்த்து உதைத்தார். அரங்கம் சட்டென்று அடங்கியது. தொகுத்து வழங்கிய பெண்ணின் சொல் பாதியில் அறுந்தது. மறுபடி உதைத்தார். "அடேய், அடேய்!" என்று காதில் பதறிய ஆதிகேசவனையும் சேர்த்து உதைத்தார். ஃபைபர் விரிந்தது. நாலாவதோ ஐந்தாவதோ உதையில், இருபது வருடம் கழித்து வரப்போகும் அந்த வழவழப்பான காரின் பின்புறம் பொத்துக்கொண்டு, வெடித்த குதிகாலோடு ஒரு வெறுங்கால் கணுக்கால்வரை வெளியே நீட்டிக்கொண்டு நின்றது.

விரல்களில் குளிர்ந்த காற்று பட்டது. அடுத்த கணம் இரண்டு கைகள் வந்து அந்தக் காலை இறுகப் பிடித்துக்கொண்டன.