அக்காவின் பெருவிரல் ரேகை

அத்தானை விட்டு அக்கா எங்கள் லயத்து வீட்டுக்கே திரும்பிவிட்டாள். ஆனால் லிந்துலைக் கடையில் அத்தான் பெயரில் இருந்த அரிசிக் கடனும், தபால் கந்தோரில் இருவர் பெயரிலும் இருந்த சேமிப்புப் புத்தகமும் பிரியாமலே கிடந்தன. புத்தகம் அத்தானிடம் இருந்ததால் காசும் அவருடையதுதான் என்று அக்கா நம்பினாள். தேயிலைத் தோட்டத்தில் அவள் சம்பளத்தையே இத்தனை வருடமும் அவர்தானே கைநீட்டி வாங்கினார்.

ஒரு சனிக்கிழமை அத்தான் ஒரு தாளோடு வந்து, "இதுல பெருவிரலை வச்சுடு" என்றார். நான் அதைப் பறித்து வாசித்தேன். தபால் கந்தோரில் காசு எடுக்கும் தாள் அது. இரண்டு பேர் ரேகையும் இல்லாமல் ஒரு சதமும் எடுக்க முடியாது.

"அக்கா, நீ வைக்காட்டி அவருக்கும் கிடைக்காது" என்று துள்ளினேன்.

"எட்டாங் கிளாஸ் படிச்சா லோயராம்" என்றார் அத்தான்.

அக்கா கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டாள். "மொதல்ல கடைக்கடன். அந்தச் சோத்த ரெண்டு பேருந்தானே தின்னோம். மிச்சத்துல பாதி எனக்கு. சம்மதம்னா வைக்கிறேன்."

அவர் முணுமுணுத்தார், ஆனால் மறுக்க வழியில்லை. அன்றே மூவரும் தபால் கந்தோருக்குப் போய்க் காசை எடுத்துக்கொண்டு, அங்கிருந்து கடைக்கு நடந்தோம். நான்தான் முன்னால் ஓடினேன். கடைக்கார நானா பழைய கணக்கை அடித்துவிட்டு, "இனி யார் பேர்ல எழுத?" என்று அத்தானைப் பார்த்துக் கேட்டார்.

"என்னையக் கேளுங்க நானா" என்றாள் அக்கா. "எம் பேர்ல எழுதுங்க. அரைக் கொத்து அரிசி."