தேசப்பன் மோட்டாரின் விக்கல்

என் வீட்டுக்காரர் சின்னப்பையனுக்குக் குடி கிடையாது, சீட்டாட்டம் கிடையாது, ஊர் வம்பும் கிடையாது. மோட்டார்தான் உண்டு. கிணற்று மோட்டார் என்றாலாவது நாலு பேருக்கு உபயோகப்படும். இவர் சேர்ப்பது படகின் பின்னால் மாட்டுகிற மோட்டார்கள், அதிலும் ஓடாத பழசுகள். அலை காலில் பட்டாலே நாலடி பின்வாங்குகிற வியாசர்பாடிக்காரருக்கு இந்தப் பைத்தியம் எங்கே பிடித்தது என்று கல்யாணமான புதிதில் கேட்டேன். "சும்மா ஒரு இதுக்குத்தான் ரமா" என்றார். இருபத்தாறு வருஷம் ஆகிறது, அந்த 'இது' என்னவென்று எனக்கு இன்னும் தெரியாது.

எண்ணூரில் ஒரு தொழிற்சாலையில் அவருக்கு ஃபிட்டர் வேலை. ஷிப்டு முடிந்து வருகிற வழியில் காசிமேட்டுப் பக்கம் இறங்கிவிடுவார். அங்கே பழைய இரும்புக் கடைகளில் மீனவர்கள் கழித்துக்கட்டிய மோட்டார்கள் உப்புப் பூத்துக் கிடக்கும். ஒன்றைத் தூக்கி வந்தால் நாலைந்து மாதம் அதோடுதான் குடித்தனம். கழற்றுவார், கிருஷ்ணாயிலில் ஊறவைப்பார், கிடைக்காத பாகத்தை லேத்தில் கடைந்து போடுவார். ஒரு நாள் அது உறுமிக்கொண்டு எழுந்துவிடும். எழுந்ததும் விற்றால் நான் ஏன் புலம்பப்போகிறேன்? வரிசையில் நிறுத்திவிட்டு அடுத்ததைத் தேடிப் போவார்.

இந்த மோட்டார்களைத் தண்ணீரில் வைத்துத்தான் ஓட்ட வேண்டும், இல்லாவிட்டால் சூடேறிக் கெட்டுவிடுமாம். அதற்காக எங்கள் ஹவுசிங் போர்டு பிளாக்கின் கீழே ஒரு நீல டிரம்மில் தண்ணீர் நிரப்பி, ஞாயிற்றுக்கிழமை காலையில் ஓட்டுவார். புகை மூன்றாவது மாடிவரைக்கும் போகும். காயப்போட்ட துணியெல்லாம் கிருஷ்ணாயில் நாற்றம். வீடு வீடாகப் போய் மன்னிப்புக் கேட்டவள் நான். சத்துணவுக்கூடத்தில் எண்பது பிள்ளைகளைச் சமாளிப்பது இதைவிடச் சுலபம்.

அந்தச் சமயத்தில் எங்களைக் காப்பாற்றியவர்தான் தேசப்பன். திருவொற்றியூர்க் குப்பத்து மீனவர். இரும்புக் கடையில் ஒரே மோட்டார் விசிறிக்கு இவரும் அவரும் சண்டை போட்டிருக்கிறார்கள். சண்டை முடியும்போது தோஸ்து ஆகிவிட்டார்கள். "இத்த எட்துனு போயி இன்னா பண்ணுவ மாமு, மால போட்டு சாமி கும்புடுவியா?" என்று தேசப்பன் கேட்டாராம். இவர் சொன்ன டிரம் கதையைக் கேட்டுவிட்டுத் தன் வலைக்கொட்டகையில் பாதியை ஒதுக்கிக் கொடுத்தார். வாடகை என்று பேச்செடுத்தால் கோபம் வந்துவிடும்.

அதிலிருந்து எங்கள் ஞாயிற்றுக்கிழமை எல்லாம் அங்கேதான். சரிசெய்த மோட்டாரைத் தேசப்பன் தன் ஃபைபர் படகில் மாட்டி, கடலில் கொட்டியிருக்கிற கல்வரிசையைச் சுற்றிவருவார். இவர் கயிற்றைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு சின்னப் பிள்ளை மாதிரி சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். என்னையும் ஒரு தடவை ஏற்றினார்கள். காலையில் தின்ற இட்லி அவ்வளவும் வங்காள விரிகுடாவுக்குப் போய்ச் சேர்ந்தது. அதற்கப்புறம் நானும் தேசப்பனின் மனைவி மங்கம்மாவும் கரையில் உட்கார்ந்து கதை பேசுவதோடு சரி.

இவருக்குக் காது அப்படி. டோல்கேட் சிக்னலில் பஸ் நின்றால் பக்கத்து லாரிக்கு என்ன வியாதி என்று சொல்லுவார். என் மிக்ஸி ஓடுகிற சத்தத்தைக் குளியலறையிலிருந்து கேட்டே உள்ளே புஷ் தேய்ந்துபோச்சு என்பார். அப்பேர்ப்பட்ட காதுக்கு உறுத்தலாக இருந்தது தேசப்பனின் சொந்த மோட்டார். அது அவர் அப்பா காலத்து ஜப்பான்காரன் மோட்டார். மெதுவாக வரும்போது நாலைந்து அடி ஒழுங்காக அடிக்கும், ஒன்றை விழுங்கும், அடுத்ததை இரண்டாகப் போடும். குப்பத்தில் எல்லாரும் புது மோட்டாருக்கு மாறிவிட்டார்கள். தேசப்பன் மட்டும் மாறவில்லை.

"ஒரு நாள் குடு தேசப்பா. ஒயுங்கு பண்ணிக் குட்த்துடறேன்."

"வுடு மாமு. யாரோ நெனச்சிகினு கீறாங்க, அதான் விக்குது" என்று சிரிப்பார் தேசப்பன்.

ஒவ்வொரு வாரமும் இவர் கேட்பார், ஒவ்வொரு வாரமும் அவர் இதையே சொல்லுவார். எங்களுக்கு அது பழகிப்போன கேலி. அதற்குமேல் நாங்கள் யோசிக்கவில்லை.

போன வருஷத்துக்கு முந்தின வருஷம், மார்ச் மாதத்தில், தேசப்பன் போய்விட்டார். கடலில் இல்லை. முப்பது வருஷம் கடல் அவரைத் திருப்பித் திருப்பி அனுப்பியது. எண்ணூர் சாலையில், ஐஸ் வாங்கிக்கொண்டு டி.வி.எஸ். வண்டியில் வரும்போது, பட்டப்பகலில் ஒரு கண்டெய்னர் டிரெய்லர் அடித்துப்போட்டது. அந்தச் சாலையில் இது ஒரு செய்தியே இல்லை. எனக்கு இன்றைக்கும் அந்த வண்டிகளைப் பார்த்தால் கல்லெடுத்து அடிக்கத் தோன்றுகிறது.

படகைத் தேசப்பனின் தம்பி பிரகாஷ் எடுத்துக்கொண்டு புது மோட்டார் மாட்டினான். பழைய மோட்டாரை யார் வாங்குவார்கள்? மங்கம்மாதான் அதை இவரிடம் கொடுத்தாள். "வித்துடாதண்ணா. பத்ரமா வெச்சிக்கோ. எனுக்கு வோணும்னா வந்து கேக்கறேன்" என்றாள். என் வீட்டுக்காரரின் அகராதியில் பத்திரமாக வைப்பது என்றால் கழற்றிப் பூட்டுவது.

எட்டு மாதம் உயிரைக் கொடுத்து அதில் உழைத்தார். அழுகையை வெளியில் காட்டத் தெரியாத மனுஷன், அவ்வளவையும் அந்த இரும்பில் காட்டினார். ஒரு திருகாணி விடாமல் தேய்த்தார். காற்றும் எண்ணெயும் உள்ளே போகிற வழியில் சுண்டு விரல் அகலத்துக்கு ஒரு மெல்லிய தகடு இருந்தது. அதன் ஓரம் உதிர்ந்திருந்தது. "பாத்தியா ரமா, இதான் விக்கலு! இருவது வர்சமா என்னக் கிட்ட வுடாம வெச்சிகினு இருந்தான்" என்று அன்றைக்கு முதல் தடவையாக வாய்விட்டு அழுதார். புதுத் தகடு போட்டார். கழற்றின பழசையெல்லாம் ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு வீட்டுப் பரணில் வைத்தார்.

அந்த டப்பாவைப் பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது எடைக்குப் போட்டவள் நான். துருப்பிடித்த குப்பை என்றுதான் நினைத்தேன்.

தேசப்பன் போய் ஒரு வருஷம் திரும்பிய அன்றைக்குக் காலையில் படையல் போட்டார்கள். இவரும் பிரகாஷும் மங்கம்மாவிடம் மூச்சுக்கூட விடாமல் அந்த மோட்டாரைப் படகில் மாட்டி வைத்திருந்தார்கள். அவளைக் கரைக்குக் கூட்டி வருவது என் வேலை. எதற்கு என்று கேட்டாள். காற்று வாங்கத்தான் என்றேன். கல்வரிசைக்கு அந்தப் பக்கமிருந்து படகு திரும்பி வந்தது. இவர் நடுவில் நின்றுகொண்டிருந்தார், கயிற்றைக்கூடப் பிடிக்காமல். மோட்டார் ஒரு பிசிறில்லாமல் ஒரே சீராக ஓடியது. வாழ்நாளில் அவர் செய்த வேலையிலேயே அதுதான் உசத்தி. எனக்கே பெருமையாக இருந்தது.

மங்கம்மா நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள். "யாரு போட்டு வர்துக்கா அது? பிரகாசு மாரி கீது. மோட்டாரு புச்சா வாங்கினானா?"

"உன் வூட்டுக்காரரு மோட்டாருதான் மங்கா. எங்கூட்டுக்காரருதான் ரிப்பேர் பண்ணாரு."

நான் விளையாடுகிறேன் என்று நினைத்துச் சிரித்தாள். படகு கிட்டே வந்தது. மோட்டாரின் மூடியில் தேசப்பன் தன் கையால் எழுதின மங்கம்மாவின் பெயரைப் பார்த்தாள். சிரிப்பு நின்றுவிட்டது.

"அப்ப விக்கலு எங்கக்கா?"

இவர் படகிலிருந்து குதித்து, முழங்கால் தண்ணீரில் ஓடிவந்தார். முகமெல்லாம் சிரிப்பு. "இன்னாம்மா, எப்டி கீது?" என்றார். அவள் ஈர மணலில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்.

"காத்தால நாலு மணிக்குப் போவாரு. விடிஞ்சா நான் இங்க வந்து நிப்பேன். நாப்பது போட்டு வரும், ஒண்ணும் என் காதுல வுயாது. அந்த விக்கலு கேட்டாத்தான் எனுக்கு உசுரு வரும்ணா. அப்பாலதான் போயி உலை வெப்பேன். நீ ஒயுங்கு பண்றேன்னு கேட்டத வூட்ல வந்து சொல்லுவாரு. வோணாம்னு நான்தான் சொன்னேன். எப்பனா ஒரு வாட்டி உன்ன ஓட்டச் சொல்லி, கண்ண மூடிக் கேக்கலாம்னுதான் உன்கைல குட்த்தேன்."

இவர் முகம் போன போக்கை என்னால் எழுத முடியாது. அந்தச் சத்தத்தை இருபது வருஷமாக எல்லாரையும்விட நன்றாகக் கேட்டவர் அவர்தான். கோளாறு என்றுதான் கேட்டிருக்கிறார்.

வீட்டுக்கு வந்ததும் நேராகப் பரணில் ஏறினார். டப்பா எங்கே என்று கேட்டார். சொன்னேன். திட்டியிருந்தால் தேவலை. இறங்கிச் செருப்பை மாட்டிக்கொண்டு எடைக்கடைக்குப் போனார். அந்தக் கடை இரும்பு எப்போதோ உருக்கப் போய்விட்டது.

அதற்கப்புறம் ஆரம்பித்தது அந்தக் கொடுமை. தகடு தகடாக வெட்டி, அரத்தால் ஓரத்தைத் தேய்த்து உதிர்த்து, பழைய விக்கலைத் திரும்பக் கொண்டுவரப் பார்த்தார். கொஞ்சம் அதிகமாகத் தேய்த்தால் மோட்டார் இருமும். குறைந்தால் விக்காது. நல்ல மோட்டாரைக் கெடுப்பது இவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியாது. ஞாயிறு தவறாமல் மங்கம்மா கொட்டகைக்கு வந்து, கூடையைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொள்வாள். இவர் டிரம்மில் ஓட்டுவார்.

"இல்லண்ணா. அது இவ்ளோ ஜல்தியா விக்காது."

அடுத்த வாரம், "கிட்ட வர்து. ஆனா இது இல்ல" என்பாள்.

அதற்கடுத்த வாரம் யோசித்துவிட்டு, "போன வாரம் ஓட்டின, அத்தப் போடு" என்பாள். போட்டால் அதுவும் இல்லை. இவர் ஒவ்வொரு தகட்டையும் ஒரு காகிதத்தில் சுற்றி, அவள் சொன்னதை அதன்மேல் எழுதிவைத்தார். வரிசையில் நின்ற மற்ற மோட்டார்களைத் தொடவே இல்லை. தூசு ஏறிக் கிடந்தன. துடைத்து வைத்தவள் நான்தான், இருபத்தாறு வருஷம் அதுகளைத் திட்டித் தீர்த்தவள்.

பதினோராவது ஞாயிறு என்று நினைக்கிறேன். மோட்டார் ஓடிக்கொண்டிருக்கும்போதே மங்கம்மா கண்ணைத் திறந்தாள். பொலபொலவென்று கண்ணீர்.

"நிறுத்துண்ணா. போதும்."

"இன்னும் ரெண்டு தகடு கீதும்மா."

"வோணாம். முன்ன கண்ண மூடினா அவரு வருவாரு, விக்கலு கேக்கும். இப்ப கண்ண மூடினா போன வாரம் நீ ஓட்னது கேக்குது, அதுக்கு முந்தின வாரத்துது கேக்குது. நெசமானது எதுன்னு தெரில. எனுக்குள்ள இருந்ததும் போச்சுண்ணா."

கோபமாகச் சொல்லவில்லை. திட்டத் தெரியாத மனுஷர்கள்தான் எனக்கு வாய்த்திருக்கிறார்கள். இவர் மோட்டாரை நிறுத்தினார். டிரம்மில் தண்ணீர் கொஞ்ச நேரம் சுற்றிக்கொண்டே இருந்தது.

பஸ்ஸில் வரும்போது நான் கேட்டேன். "அவ மறந்தா இன்னாங்க? உங்களுக்குத்தான் நல்லா தெரியுமே. உங்க காதுல இல்லாததா? நீங்களே கேட்டுக் கேட்டு கொண்டாந்துடலாமே."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "எனுக்கு நாலாவது வாரமே போச்சு ரமா. அவங்களுக்கு இருக்கும்னு நம்பித்தான் ஓட்டிகினு இருந்தேன்" என்றார்.

அத்தனை பேர் நடுவில் நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். அந்தக் கை கிருஷ்ணாயில் வாடை அடித்தது.

மங்கம்மா கேட்டபடி மோட்டாரை அவள் வீட்டிலேயே கொண்டுபோய் வைத்தோம். "ஓட்ட வோணாம். சும்மா நிக்கட்டும்" என்றாள். அரிசி டிரம் பக்கத்தில், தேசப்பனின் படத்துக்குக் கீழே அது நிற்கிறது. மூடியில் அவள் பெயர். இவர் மற்ற மோட்டார்களில் ஒன்றையும் அதற்கப்புறம் ஓட்டவில்லை. இரும்புக் கடைப் பக்கம் இறங்குவதும் நின்றுவிட்டது. நேரத்தோடு வீட்டுக்கு வருகிறார். அப்படி வரவேண்டும் என்று எத்தனை நாள் சண்டை போட்டிருக்கிறேன்! இப்போது வாசலில் அவர் செருப்புச் சத்தம் கேட்டால், இன்னும் கொஞ்சம் தாமதமாக வந்திருக்கக்கூடாதா என்று இருக்கிறது.

போன ஞாயிறு மங்கம்மாவைப் பார்க்கப் போயிருந்தோம். மூன்று பேரும் வாசலில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தோம். படகுகள் வந்துகொண்டிருந்தன. அதில் ஏதோ ஒரு படகு, யாருடையதோ, நாலைந்து அடி ஒழுங்காக அடித்து, ஒன்றை விழுங்கியது.

மூன்று பேரும் ஒரே சமயத்தில் தலையைத் தூக்கினோம். மங்கம்மா டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றாள். கடலைப் பார்க்கவில்லை, இவர் முகத்தைத்தான் பார்த்தாள்.

"இதுவாண்ணா? இது மாரிதான் இருந்துச்சா?"

இவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். சத்தம் கரைக்குக் கிட்டே வந்து, மெலிந்து, நின்றுபோகும்வரை கேட்டார்.

"தெரிலம்மா" என்றார்.

ஒரு மோட்டார் சத்தத்துக்கு அவர் அப்படிச் சொல்லி அதற்குமுன் நான் கேட்டதே இல்லை.