கடைசி வாரத்துப் பக்கங்கள்

என் அக்கா ஒரு நாவலின் கடைசி அத்தியாயத்தைப் படிக்காமலேயே கல்யாணமாகிப் போனாள். அதற்குக் காரணம் நான். அப்பாவிடம் இதைச் சொல்லவே இல்லை. அவர் போய் நாற்பது வருஷம் ஆகிறது. அக்காவிடம் போன வருஷம்தான் சொன்னேன்.

அப்போது எங்கள் வீடு இரும்புலியூரில் இருந்தது. அப்பாவுக்குத் தாம்பரம் ரயில்வே யார்டில் வேலை. கல்யாணத்துக்கு முன்னால் அவர் ஒரு வாரப் பத்திரிகையில் வந்த தொடர்கதையை வாராவாரம் கிழித்துச் சேர்த்து, கோணி ஊசியால் தானே தைத்து, மைதாப் பசையில் அட்டை ஒட்டி, மூன்று பாகமாக டிரங்குப் பெட்டியில் வைத்திருந்தார். பாய்மரக் கப்பல் வைத்திருந்த ஒரு குடும்பத்தின் கதை. கடலுக்குப் போன அண்ணனை ஒரு தங்கை தேடுகிறாள். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். பெட்டியைத் துணி எடுக்கத் திறக்கும்போது எனக்குப் பார்க்கக் கிடைத்ததெல்லாம் கதைத் தாள்களின் பின்பக்கம் பாதியில் வெட்டுப்பட்ட ஜோக்குகளும் கூந்தல் தைல விளம்பரங்களும்தான்.

அக்காவுக்குப் பதினைந்து வயது நடந்தபோது, பொங்கல் கழிந்த ஒரு சாயங்காலம், அப்பா முதல் பாகத்தை எடுத்து அவள் கையில் கொடுத்தார். ஒரு நாளைக்கு ஒரு வாரத்துக் கதைதான் என்பது நிபந்தனை. அவர் ஒரு வாரம் முழுக்கக் காத்திருந்து படித்ததை அவள் ஒரு நாளாவது காத்திருந்து படிக்க வேண்டுமாம். அவர் வேலை முடிந்து வந்து கூடத்துப் பாயில் காபி குடிக்கும் நேரத்தில் அவள் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து மனசுக்குள் படிப்பாள். அவர் புத்தகத்தைப் பார்க்கமாட்டார், அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். படித்து முடித்ததும் இரண்டு பேரும் பேச ஆரம்பிப்பார்கள். கதையில் வருகிற ஆட்களைப் பற்றி அவர்கள் பேசுவதைக் கேட்டால், ஏதோ காஞ்சிபுரத்துச் சொந்தக்காரர்களைப் பற்றிப் பேசுவது போலிருக்கும்.

"அந்தக் கணக்கப்பிள்ளை சரியில்லப்பா. அவனை நம்பாதீங்க."

"நம்பாமத்தாம்மா பதினேழு வருஷமா இருக்கேன்."

இரண்டு பேரும் சிரிப்பார்கள். எனக்குப் பத்து வயது. யார் அந்தக் கணக்கப்பிள்ளை என்று கேட்டால், "நீ இன்னும் பெரியவனாகணும்டா" என்று அப்பா என் தலையைத் தட்டி அனுப்பிவிடுவார். நான் போய்ச் சமையல்கட்டில் அம்மாவிடம் புகார் சொல்வேன். அம்மா எனக்குக் கூடுதலாக ஒரு முறுக்கு தருவாள். முறுக்கு தீர்ந்த பிறகும் கூடத்திலிருந்து சிரிப்பு கேட்டுக்கொண்டிருக்கும்.

பங்குனி மாசம் அவர்கள் இரண்டாம் பாகத்தில் இருந்தார்கள். ஒருநாள் நான் பெட்டியைத் திறந்து மூன்றாம் பாகத்தை எடுத்தேன். கடைசிப் பக்கங்களில் தையல் கொஞ்சம் தளர்ந்திருந்தது. இழுத்ததும் பத்துப் பக்கம் சுலபமாகக் கையோடு வந்துவிட்டது. என் பள்ளிக்கூட அட்லஸின் பழுப்பு அட்டையைப் பிரித்து, அதற்குள் அவற்றை வைத்து மறுபடி மடித்துவிட்டேன். அழிக்க வேண்டும் என்று நினைக்கவில்லை. கடைசி நாள் வரும், பக்கங்களைக் காணாமல் இரண்டு பேரும் திகைப்பார்கள், நான் மெதுவாகப் போய் அட்லஸைக் கொண்டுவருவேன், அப்பா என்னையும் அந்தப் பாயில் உட்காரவைப்பார். என் திட்டம் இவ்வளவுதான்.

பரீட்சை முடிந்ததும் என்னை மதுராந்தகத்தில் மாமா வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அந்த நாளில் எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு பையன் பாஸானால் அவனுடைய புத்தகங்கள் அடுத்து அந்த வகுப்புக்கு வருகிற பையனுக்குப் போகும். நான் ஊரில் இல்லாத சமயத்தில் பீர்க்கன்கரணையிலிருந்து ஒரு அம்மாள் வந்து கேட்க, என் அம்மா புத்தகக் கட்டை அப்படியே தூக்கிக் கொடுத்துவிட்டிருந்தாள்.

நான் திரும்பி வந்தபோது கதையில் இன்னும் இரண்டு நாள் பாக்கி இருந்தது. ஏரிக்கரை வழியாக ஓடினேன். அந்தப் பையன் வாசலில் கோலி ஆடிக்கொண்டிருந்தான். அட்லஸைக் கேட்டதும் கொண்டுவந்து காட்டினான். புத்தம் புது அட்டை, அதன்மேல் அவன் பெயரெழுதிய சீட்டு.

"பழைய அட்டை எங்கடா?"

"அத்த இன்னாத்துக்கு வச்சிக்கினு கீறது? எங்கம்மா வெந்நி அடுப்புல போட்ருச்சு."

"உள்ளே பேப்பர் இருந்துதே?"

"இருந்துச்சு. அதுவுந்தான். நல்லா எரிஞ்சுது" என்றான், என்னைச் சமாதானப்படுத்துகிறவன் போல.

மறுநாளைக்கு மறுநாள் சாயங்காலம் அப்பா அன்றைக்கென்று சீக்கிரம் வந்தார். அக்கா தலை வாரிப் பூ வைத்துக்கொண்டிருந்தாள், எங்கோ கிளம்புகிறவள் மாதிரி. மூன்றாம் பாகத்தைத் திறந்தார்கள். அப்பா கடைசித் தாளைத் திருப்பினார், மறுபடி முன்னால் திருப்பினார், தொங்கிய நூலை விரலில் சுற்றிப் பார்த்தார். நான் கதவோரம் நின்றிருந்தேன்.

"நான்தாம்மா சரியாத் தைக்கல. எங்கியோ விழுந்து போயிருக்கு" என்றார்.

முடிவை வாயால் சொன்னார். ஐந்து நிமிஷத்தில் சொல்லி முடித்துவிட்டார். அண்ணன் ஒரு விடியற்காலையில் கப்பலில் வந்து இறங்கினான் என்றார். "அவ்ளோதானாப்பா?" என்று அக்கா கேட்டாள். "எனக்கு ஞாபகம் இருக்கறது அவ்ளோதாம்மா" என்றார் அப்பா.

அதன் பிறகு அவர் ஞாயிற்றுக்கிழமைகளில் பழைய பேப்பர்க் கடைகளில் அந்த வாரத்துப் பத்திரிகையைத் தேட ஆரம்பித்தார். தாம்பரம், பல்லாவரம், அப்புறம் பட்டணத்தில் மூர் மார்க்கெட். ஒருமுறை என்னையும் கூட்டிப் போனார். வெயிலில் குந்தி உட்கார்ந்து கட்டுக்கட்டாகப் பிரித்துத் தேதி பார்த்தார். எனக்கு ஒரு பம்பரம் வாங்கிக் கொடுத்தார். திரும்பும்போது ரயிலில் நான் அவர் மடியில் தூங்கிவிட்டேன். சொல்லிவிடலாம் என்று பல்லாவரம் வரைக்கும் நினைத்தேன், அதுவரைக்கும் விழித்துத்தான் இருந்தேன்.

அடுத்த தை மாசம் அக்காவைக் கோவிலம்பாக்கத்தில் கட்டிக்கொடுத்தார்கள். நாவல் புத்தகமாக வெளிவந்ததே அப்பா போன பிறகுதான். வாங்கினேன். கொடுக்கத் தைரியமில்லாமல் பல வருஷம் என் அலமாரியிலேயே கிடந்தது. உண்மையான முடிவில் அண்ணன் வருவதில்லை. போன வருஷம் அதை எடுத்துக்கொண்டுபோய் அக்காவின் முன்னால் வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள்.

"முடிவு எனக்கு அப்பவே தெரியும்டா. எதிர்வீட்டு மாமியும் பத்திரிகையில படிச்சிருந்தாங்க, சொல்லிட்டாங்க. அப்பா சொன்னது தப்புன்னும் தெரியும்."

"அப்போ அவர் ஊர் ஊரா அலைஞ்சாரே, ஏன் நிறுத்தல?"

"எனக்காக ஒருத்தர் அலையறாரு. அதைப் போய் நிறுத்துவாங்களா?"

புத்தகத்தை அவள் திறக்கவில்லை. வாங்கிப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, காபி சாப்பிடுகிறாயா என்று கேட்டாள்.

ஆனால் என்னை இன்றைக்கும் உறுத்துவது அந்தப் பத்துப் பக்கம் அல்ல. நாவல் நின்றுபோனதற்கு அடுத்த வாரம் நடந்த ஒன்று. என்னைத் தாம்பரத்தில் பெரிய பள்ளிக்கூடத்தில் சேர்த்திருந்தார்கள். அக்காவை அதற்கு முந்தின வருஷமே அதே பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்திவிட்டிருந்தார்கள். வயசு வந்த பெண் ரோட்டில் அவ்வளவு தூரம் நடக்க வேண்டாம் என்று பெரியப்பா சொன்னார். அப்பா எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. வகுப்பில் அவள்தான் முதல். இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்த விஷயங்களை ஒன்றோடொன்று சேர்த்துப் பார்க்கத்தான் தெரியவில்லை.

அன்று சாயங்காலம் அப்பா காபியோடு தனியாக உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் பக்கத்தில் தட்டிக் காண்பித்து, "வா, இன்னிக்கு ஸ்கூல்ல என்ன சொல்லிக்குடுத்தாங்க?" என்று கேட்டார். அந்தப் பாயில் எனக்கு இடம் கிடைத்துவிட்டது. சம்மணம் போட்டு உட்கார்ந்து, பூமி சாய்ந்து சுற்றுவதையும் அதனால் வெயில் காலம் மழைக் காலம் வருவதையும் கையை ஆட்டி ஆட்டிச் சொன்னேன். கிணற்றடியில் அக்கா பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். நடுவில் தேய்க்கும் சத்தம் நின்றது. எட்டிப் பார்த்தேன். கையில் சாம்பலோடு எங்கள் பக்கம் காதைத் திருப்பி அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.

பொறாமை என்று நினைத்தேன். அவளுக்கு நன்றாகக் கேட்கட்டும் என்று இன்னும் உரக்கச் சொன்னேன்.