ஒன்பது வருடம் பேசாத மனைவியின் வழக்கு

ஜெனிவீவ் லிட்டர்ஸ்கி தன் கணவர் செஸ்டருடன் கடைசி ஒன்பது வருடங்கள் ஒரு வார்த்தைகூடப் பேசியதில்லை. ஒரே வீடு, ஒரே சாப்பாட்டு மேஜை, ஒரே கட்டில். ஆனால் பேச்சு மட்டும் கிடையாது. விஸ்கான்சினில் குளிர்காலம் ஐந்து மாதம் நீளும். கதவைச் சாத்திக்கொண்டு ஐந்து மாதம் ஒரே அறையில் வாயை மூடிக்கொண்டு இருக்க எவ்வளவு நெஞ்சழுத்தம் வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள். அது அவர்கள் இருவருக்கும் சரிசமமாக இருந்தது.

நான் அவர்களுக்கு எதிர்வீடு. பேர் ட்ரீசா. பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். அவர்கள் சண்டை தொடங்கியபோதும் பக்கத்து மேஜையில் நான்தான் இருந்தேன்.

1989 அக்டோபர். மாதா கோயில் மண்டபத்தில் சீட்டாட்டப் போட்டி. முதல் பரிசு முழுசாக ஒரு பன்றித்தொடை. கணவனும் மனைவியும் ஒரே கட்சி. கடைசி ஆட்டத்தில் ஜெனிவீவ் ஜெயித்தே தீர வேண்டிய கையை, அவள் ஜோடியான செஸ்டரே துருப்பு போட்டு வெட்டிவிட்டார்.

"என் கையை எதுக்கு வெட்டினே?" என்று கேட்டாள் அவள்.

"நீ தூங்கிட்டேன்னு நினைச்சேன்" என்றார் அவர்.

மண்டபமே சிரித்தது. நானும் சிரித்தேன். அதை அவள் இன்றுவரை மறக்கவில்லை.

"இனிமே உன்கிட்ட பேசினா நான் ஜெனிவீவ் இல்ல."

"ரொம்ப நல்லதாப் போச்சு. இனிமே ரேடியோ காதுல விழும்."

ஒரு வாரத்தில் சரியாகிவிடும் என்று எல்லாரும் நினைத்தோம். செஸ்டர் முப்பது குளிர்காலம் சாலையில் பனி தள்ளும் வண்டி ஓட்டியவர். ஒருவர் வீட்டுத் தபால்பெட்டியைக்கூட இடித்ததில்லை என்று பெருமையடிப்பார். என்னுடையதை இரண்டு தடவை இடித்திருக்கிறார். இரண்டு தடவையும் ஒப்புக்கொள்ளவில்லை. ஜெனிவீவ் முப்பத்தொரு வருடம் காகித ஆலையில் பழுதுள்ள தாளைப் பொறுக்கிப் பிரிக்கும் வேலை செய்தவள். குற்றம் கண்டுபிடிப்பதற்காகவே சம்பளம் வாங்கியவள். இந்த இரண்டு பேரில் யார் முதலில் இறங்கி வருவது?

பேசாவிட்டாலும் குடும்பம் நடக்க வேண்டுமே. அதனால் சீட்டு எழுதினார்கள். கடை ரசீது, கோயில் அறிக்கை, மருந்துப் பெட்டி அட்டை, எது கையில் கிடைத்தாலும் அதன் பின்பக்கம் எழுதி ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டிவிடுவார்கள். வெள்ளிக்கிழமை மீன் சாப்பிட ஊருக்குள் இருக்கும் ஓட்டலுக்குப் போனால் மட்டும் சீட்டு கிடையாது. அங்கே பரிமாறும் டோரீன்தான் தூது.

"டோரீன், எதிர்ல உக்காந்திருக்கிற ஆளுகிட்ட உப்பை இந்தப் பக்கம் தள்ளச் சொல்லு" என்பார் செஸ்டர்.

"தள்ளறேன்னு சொல்லு டோரீன். டாக்டர் உப்பு கூடாதுன்னு சொன்னதையும் சேர்த்துச் சொல்லு."

"ரெண்டு பேரும் தனித்தனியா டிப்ஸ் வைக்கணும், சொல்லிட்டேன்" என்பாள் டோரீன்.

இப்படியே ஒன்பது வருடம் போயிற்று. 1999 மார்ச் மாதம் ஒரு காலையில் தபால் எடுக்கப் போன செஸ்டர் சாலையோரம் நின்றிருந்தார். உருளைக்கிழங்கு ஏற்றிய லாரி ஒன்று வந்தது. அதன் பின்சக்கரத்து நட்டுகளை யாரோ சரியாக முறுக்காமல் விட்டிருந்தார்கள். சக்கரம் கழன்று துள்ளி வந்து அவர்மேல் மோதியது. சத்தம் கேட்டு நான் ஓடுவதற்குள் ஜெனிவீவ் கோட்டுகூடப் போடாமல் பனியில் அவர் பக்கத்தில் மண்டியிட்டிருந்தாள்.

அடக்கம் முடிந்து இரண்டு வாரம் கழித்து லாரிக்காரர்களின் காப்பீட்டு ஆள் வந்தார். சின்னப் பையன் முகம், பெரிய தோல்பை. நானும் அங்கே இருந்தேன். ஜெனிவீவ் தான் சுட்ட கசகசா ரொட்டியை வெட்டி வைத்தாள். இரண்டு துண்டு முடித்து, மூன்றாவதைப் பாதி கடித்துக்கொண்டே நான்காவதையும் கையில் எடுத்தபடி அவர் சொன்னார்:

"இருபதாயிரம் டாலர் தர்றோம் மேடம். தப்பா எடுத்துக்காதீங்க. அவருக்கு அறுபத்தெட்டு வயசு. வேலையில இல்ல. பிள்ளைங்களும் இல்ல. மிச்சம் இருக்கிறது துணையை இழந்ததுக்கான ஈடு மட்டும்தான். ஊர்ல விசாரிச்சோம். நீங்க ரெண்டு பேரும் பேசிக்கிறதே இல்லையாமே. அப்படிப் பார்த்தா, பெருசா என்னத்த இழந்துட்டீங்க?"

ஜெனிவீவ் ரொட்டித் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"அந்த ரொட்டியைக் கீழ வைங்க" என்றாள்.

அவர் வைத்தார். பாதி கடித்ததையும் வைக்கச் சொன்னாள். அதையும் வைத்தார்.

மறுநாள் அவளை என் காரில் வக்கீலிடம் கூட்டிப்போனேன். லின்னியா ஹாவ்கன் என்று ஒரு பெண். இரும்புக்கடை மாடியில் அலுவலகம். வேலித் தகராறு, உயில், மாடு முட்டிய வழக்கு, இதுதான் அவள் பிழைப்பு. சாவுக்கு இழப்பீடு கேட்கும் வழக்கை அதுவரை நடத்தியதில்லை என்று முதலிலேயே சொல்லிவிட்டாள். "நானும் இதுக்கு முன்னாடி விதவையா இருந்ததில்ல" என்றாள் ஜெனிவீவ்.

"நீங்களும் அவரும் கடைசியா எப்பப் பேசிக்கிட்டீங்க?"

"எண்பத்தொன்பதுல."

லின்னியா பேனாவைக் கீழே வைத்தாள். "மிஸஸ் லிட்டர்ஸ்கி, துணை போயிடுச்சுன்னுதான் நாம ஈடு கேக்கப்போறோம். இதை நான் ஜூரிகிட்ட எப்படிச் சொல்றது?"

"அவங்களும் கல்யாணம் ஆனவங்கதானே. புரிஞ்சுக்குவாங்க."

வழக்கு போட்டார்கள். எதிர்த்தரப்பு வக்கீல் விட்லாக், மில்வாக்கிக்காரர். கணவன் மனைவி எழுதிக்கொண்ட எல்லாக் காகிதங்களும் வேண்டும் என்று கேட்டு அனுப்பினார். ஜெனிவீவ் கட்டிலுக்கடியிலிருந்து மூன்று பூட்ஸ் பெட்டிகளை இழுத்து வந்தாள். செஸ்டர் எழுதிய ஒவ்வொரு சீட்டும் அதில் இருந்தது. எதற்காக வைத்திருந்தாய் என்று கேட்டேன். "என்னிக்காவது சமாதானம் ஆனா, அவரு எவ்வளவு மோசமானவருன்னு அவருக்கே காட்டத்தான்" என்றாள்.

"நீங்க எழுதினது எங்க?" என்று கேட்டாள் லின்னியா.

"அவரு அடுப்புல போட்டிருப்பாரு."

"எதுக்கும் ஒருதடவை தேடிடுங்க. அவங்க கேட்டுட்டாங்க, இருந்தா குடுத்துத்தான் ஆகணும்."

தேடினோம். கார் கொட்டகையில் ஆணி, திருகு போட்ட காபி டப்பாக்கள் வரிசையாக இருந்தன. அந்த வரிசைக்குப் பின்னால் இன்னொரு வரிசை. ஒவ்வொரு டப்பாவிலும் ஒரு வருடம் எழுதியிருந்தது. திறந்தால் ஜெனிவீவின் சீட்டுகள், மடிப்பு நீவி அடுக்கியிருந்தன. அவள் ஒரு வாளியைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தாள். ஒரு மணி நேரம். எனக்குக் கால்விரல் மரத்துவிட்டது. அவளைக் கூப்பிட மனம் வரவில்லை. கடைசியில் மூக்கைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

"தொண்ணூத்தி மூணுல என் கையெழுத்து எவ்வளவு நல்லா இருந்திருக்கு பாரு" என்றாள்.

அந்த சனி ஞாயிறு லின்னியாவின் மாடியிலிருந்து விட்டுவிட்டுச் சிரிப்புச் சத்தம் கேட்டதாக இரும்புக்கடைக்காரர் சொன்னார். அவள் தேதி பார்த்து, கேள்வியையும் பதிலையும் ஜோடி ஜோடியாகச் சேர்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எல்லாவற்றையும் நகலெடுத்து முறைப்படி விட்லாக்குக்கு அனுப்பினாள். அவர் அதில் ஜெனிவீவின் சீட்டுகளில் கடுமையானதை மட்டும் பொறுக்கி எடுத்துக்கொண்டார்.

விசாரணை நாளில் நீதிமன்றத்தில் நிற்க இடமில்லை. பால் கறந்த கையோடு வந்தவர்கள்கூட உண்டு. ஜெனிவீவ் கோயிலுக்குப் போடும் நீலச் சட்டையில் சாட்சிக் கூண்டில் உட்கார்ந்தாள். விட்லாக் ஒரு சீட்டை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்தார்.

"இது உங்க கையெழுத்தா மேடம்?"

"ஆமா. நல்லா இருக்கில்ல?"

"'நீ செத்தா உன் பெட்டிக்கு நானே ஆணி அடிப்பேன்.' அன்பான மனைவி எழுதற வார்த்தையா இது?"

"அன்னிக்கு அவரு என் புதுக் கம்பளத்துமேல வச்சு மீன் செதில் சீவினாரு. நான் ரொம்ப அன்பா எழுதினது அது."

சிரிப்பு எழுந்தது. நீதிபதி மேஜையைத் தட்டினார். தட்டிவிட்டு அவரே தண்ணீர் டம்ளரால் வாயை மறைத்துக்கொண்டார்.

விட்லாக் விடவில்லை. "ஒன்பது வருஷம். உங்க கணவர்கிட்ட வாயைத் திறந்து ஒரு வார்த்தை பேசல. சரிதானே?"

"சரியில்ல."

அவர் நிமிர்ந்தார். பொய் சொல்கிறாள், பிடித்துவிட்டோம் என்று நினைத்திருப்பார். "அப்படியா? எப்பப் பேசினீங்க?"

"அன்னிக்கு ரோட்டுல. ஆம்புலன்ஸ் வர்ற வரைக்கும் பேசினேன். ஒன்பது வருஷத்துக்கும் சேர்த்துப் பேசினேன். சீட்டாட்டத்துல என் கையை வெட்டினதை மன்னிச்சிட்டேன்னுகூடச் சொன்னேன். அவருதான் பதில் சொல்லல. எந்தச் சண்டையிலயும் கடைசி வார்த்தை அவருதாத்தான் இருக்கணும். அன்னிக்கு மட்டும் எனக்கு விட்டுக்குடுத்துட்டாரு."

விட்லாக் தன் காகிதங்களை அடுக்கினார். அவை ஏற்கெனவே அடுக்கித்தான் இருந்தன. "வேற கேள்வி இல்ல" என்று உட்கார்ந்தார்.

லின்னியா எழுந்தாள். "என் நண்பர் கேள்வியை மட்டும் படிச்சாரு. நான் பதிலையும் சேர்த்துப் படிக்கிறேன்" என்று தொடங்கினாள்.

"மனைவி: 'நீ கழுவின தட்டைப் பார்த்தேன். கழுவினதுக்கு அடையாளமே இல்ல.' கணவர்: 'அடையாளம் இருந்தது. அதைத்தான் துடைச்சிட்டேன்.'"

"மனைவி: 'இந்தக் குறட்டையை நிறுத்தலன்னா கொட்டகையில போய்ப் படு.' கணவர்: 'படுத்துப் பார்த்தேன். அணில் எல்லாம் புகார் சொல்லுது.'"

"மனைவி: 'மாத்திரை மேஜைமேல இருக்கு. நீ பிழைக்கணும்னு ஆசைப்பட்டு வைக்கல. நாளைக்குப் பனி அள்ள ஆள் வேணும்.' கணவர்: 'முழுங்கிட்டேன். பனியும் அள்ளிட்டேன். வேற ஆசை இருந்தா எழுது.'"

இதற்குள் ஜூரியில் ஒரு குண்டுப் பெண்மணி கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். சிரித்துத்தான்.

"இப்ப, அந்த ஆணி விஷயம். அதுக்கு அவர் எழுதின பதில்: 'உனக்கு ஆணி அடிக்கத் தெரியாது. கோணலாப் போகும். அதனால நான் முதல்ல சாகறதா இல்ல.'"

சிரிக்க ஆரம்பித்தவர்கள் பாதியில் நிறுத்திக்கொண்டார்கள்.

"கடைசிச் சீட்டு. மார்ச் மாசம், அவர் இறந்த அன்னிக்குக் காலையில ஃப்ரிட்ஜ்ல ஒட்டினது. 'வழி வழுக்குது. தபாலை நான் போய் எடுத்துட்டு வரேன். நீ இறங்காதே. நீ விழுந்தா தூக்க என் முதுகுல தெம்பில்ல.'"

லின்னியா சீட்டை வைத்துவிட்டு உட்கார்ந்தாள்.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஜூரி உள்ளே போனது. அரை மணியில் அவர்களிடமிருந்து நீதிபதிக்கு ஒரு சீட்டு வந்தது. சாட்சியமாகப் பதிவான பெட்டிகள், டப்பாக்கள் எல்லாம் உள்ளே வேண்டுமாம். விட்லாக்கின் முகம் தெளிந்தது. ஆழமாக ஆராய்கிறார்கள் என்று தன் உதவியாளரிடம் சொன்னார். மூன்று மணி நேரம் ஓடியது. இடையிடையே மூடிய கதவுக்குப் பின்னாலிருந்து வந்த சத்தம் ஆராய்ச்சிச் சத்தம் மாதிரி இல்லை.

அந்த ஜூரியில் இருந்த ஒரு பண்ணைக்காரர் பிற்பாடு என்னிடம் உண்மையைச் சொன்னார். "தீர்ப்பு இருபது நிமிஷத்துல முடிஞ்சிடுச்சு ட்ரீசா. மிச்ச நேரமெல்லாம் தொண்ணூத்தஞ்சாம் வருஷத்து டப்பாவைப் படிச்சோம். அதுல வர்ற சூப்புத் தகராறு எப்படி முடிஞ்சுதுன்னு தெரியாம எப்படி எழுந்து வர்றது?"

துணையை இழந்ததற்கு என்று சட்டம் எவ்வளவு வரை கொடுக்க அனுமதிக்கிறதோ, அதில் ஒரு டாலர் குறையாமல் கொடுத்தார்கள். அடக்கச் செலவு தனி. ஜெனிவீவ் முகத்தில் பெரிய சந்தோஷம் இல்லை. வெளியே படிக்கட்டில் லின்னியாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "அவருக்கு இவ்வளவு மதிப்புன்னு தெரிஞ்சிருந்தா, இன்னும் நல்ல சட்டை வாங்கிக் குடுத்திருப்பேன்" என்றாள். அப்புறம் காரில் ஏறியதும் அழுதாள். வீடு வரும்வரை அழுதாள். நான் ரேடியோவைப் போடவில்லை.

பணத்தில் என்ன செய்தாள் என்று ஊரே வேவு பார்த்தது. கோயிலுக்குக் கொஞ்சம் கொடுத்தாள். மிச்சத்தை வங்கியில் போட்டாள். தனக்கென்று வாங்கியது ஒன்றே ஒன்று: உட்கார்ந்து ஓட்டும் புல்வெட்டும் வண்டி, சிவப்பு நிறம். அவளுக்குக் கார் ஓட்டும் உரிமம் கிடையாது. புல்வெட்டிக்கு உரிமம் தேவையில்லை என்று எங்கேயோ கேள்விப்பட்டிருக்கிறாள். அடுத்த ஞாயிறு அதில் ஏறி, சாலையோரப் புல்தரையிலேயே கோயிலுக்குக் கிளம்பிவிட்டாள். பின்னால் நாங்கள் பதினோரு கார்கள், வேடிக்கை பார்க்க ஊர்ந்துகொண்டிருந்தோம். பாதி வழியில் போலீஸ்காரர் விளக்கைப் போட்டு நிறுத்தினார்.

"மேடம், இதை ரோட்டுல ஓட்டக்கூடாது."

"ரோட்டுல எங்க ஓட்டறேன்? இது புல்லு."

"புல்லா இருந்தாலும் அரசாங்கத்துப் புல்லு."

"அதைத்தான் உங்களுக்குக் காசில்லாம வெட்டிக் குடுத்துட்டு வரேன். திரும்பிப் பாருங்க."

அவர் திரும்பிப் பார்த்தார். அரை மைலுக்கு நேர்க்கோடாக, ஒழுங்காக வெட்டியிருந்தது. அவர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். கடைசியில், பின்னால் ஆரஞ்சு நிறத்தில் ஒரு கொடியாவது கட்டிக்கொள்ளுங்கள் என்று கேட்டுக்கொண்டு போய்விட்டார். ஜெனிவீவ் மூன்று கட்டினாள்.