எல்ஸ்பெத் எழுதிக் கொடுத்த நாற்பத்து மூன்று வீடுகள்

எல்ஸ்பெத் கெடஸ் காலை ஒன்பது மணிக்குத் தொலைபேசியைக் கையில் எடுத்தால் பத்தரைக்குத்தான் கீழே வைப்பாள். அன்றைக்குப் பள்ளிக்கு வராத பிள்ளைகளின் வீடுகளுக்கெல்லாம் வரிசையாகப் பேசுவாள். அர்ட்னெஸ் உயர்நிலைப் பள்ளி அலுவலகத்தில் இருபத்தேழு வருடம் அதுதான் அவள் வேலை. பக்கத்து மேசையில் பதினாறு வருடம் உட்கார்ந்திருந்தவள் நான்.

அவள் எடுத்த எடுப்பில் "ஏன் வரலை" என்று கேட்டு நான் கேட்டதில்லை. "நெட்டா, எல்ஸ்பெத் பேசறேன். வீட்ல எல்லாரும் எப்படி இருக்கீங்க? கர்ஸ்டியக் காணமேன்னு பாத்தேன்" என்பாள். அப்புறம் பேசாமல் கேட்டுக்கொண்டிருப்பாள். மறுமுனையில் யாரோ அழுகிறார்கள் என்றால் எல்ஸ்பெத் பென்சிலைக் காதில் செருகிக்கொள்வாள். அதை வைத்து எனக்குத் தெரிந்துவிடும். பேசி முடித்து, பதிவேட்டில் "உடம்பு சரியில்லை" என்று மட்டும் எழுதுவாள். பிள்ளையை யாராவது அடிக்கிறார்கள், பட்டினி போடுகிறார்கள் என்று தெரிந்தால் அந்த நிமிடமே மேலே சொல்லிவிடுவாள். அது சட்டம். மற்றதெல்லாம் அவள் தலைக்குள்ளேயே இருக்கும்.

நல்லவள்தான், ஆனால் தொட்டாற்சுருங்கி. அவள் தொலைபேசியை இன்னொருத்தர் எடுத்தால் அன்று முழுக்க முகம் கொடுத்துப் பேச மாட்டாள். சில பிள்ளைகள் என்றால் உயிர், சிலரைக் கண்டாலே ஆகாது. மேத்தர் வீட்டுப் பையன்கள் இருமினால்கூடப் பொய் என்பாள்.

போன வருடம் மார்ச் மாதம், துணைத் தலைமையாசிரியை மோர்வென் கார்டினர் இரண்டு கோப்பை காபியுடன் அவள் மேசைக்கு வந்தாள். மோர்வென் எங்கள் பள்ளியில் படித்த பெண்தான். துறைமுகத் தெருவில் வளர்ந்து, வெளியூர் போய்ப் படித்து, முப்பத்தெட்டு வயதில் அதே பள்ளிக்கு அதிகாரியாகத் திரும்பி வந்தவள். ஊரே அவளை மெச்சியது. எல்ஸ்பெத்தும்தான். மற்ற ஆசிரியர்கள் எல்லாரும் அவளை எல்ஸ்பெத் என்று பெயர் சொல்லிக் கூப்பிடும்போது, மோர்வென் மட்டும் படித்த காலத்துப் பழக்கத்தில் "மிசஸ் கெடஸ்" என்றுதான் சொல்வாள்.

"மிசஸ் கெடஸ், உங்க தலைக்குள்ள இருக்கறது எனக்கு வேணுமே" என்றாள் சிரித்தபடி.

"தலையோட எடுத்துக்கோ. காலைல ரொம்ப வலிக்குது."

"நெஜமாத்தான் கேக்கறேன். பரீட்சை வருது. எந்தப் பிள்ளை வீட்ல என்ன கஷ்டம்னு வகுப்பு ஆசிரியருக்குத் தெரியறதே இல்ல. கண்ணமூடிட்டுத் திட்டிடறாங்க. நீங்க எழுதிக் குடுத்தா, நானும் இன்னும் ரெண்டு பேரும் மட்டும் பாப்போம். பிள்ளைங்ககிட்ட பக்குவமா நடந்துக்கலாம்."

"அவங்க என்னை நம்பிச் சொன்னதும்மா."

"அதனாலதான் நானே வந்து கேக்கறேன். வேற யாரையும் அனுப்பலையே."

எல்ஸ்பெத் ஒரு வாரம் யோசித்தாள். பிறகு ஒரு கோடு போட்ட நோட்டில், வீட்டில் உட்கார்ந்து எழுதினாள். நாற்பத்து மூன்று வீடுகள். எண்ணெய்க் கிணற்று வேலைக்குப் போன அப்பா திரும்பி வராத வீடு. பதிமூன்று வயதில் இன்னும் படுக்கையை நனைக்கிற பையன், அதனால் முகாம் என்றாலே காய்ச்சல் வந்துவிடும். நெட்டா ஸ்லேட்டருக்குத் திங்கட்கிழமைகளில் கட்டிலைவிட்டு எழுந்திருக்கவே முடியாத மனச்சோர்வு, அன்றைக்கெல்லாம் மகள் கர்ஸ்டிதான் அம்மாவையும் சின்னத் தம்பியையும் பார்த்துக்கொள்கிறாள் என்பது. அந்த நோட்டைக் கணினியில் தட்டிக் கொடுத்தது நான். ஆறாவது பக்கத்தில் கையை எடுத்துவிட்டு வெளியே போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன். ஆனால் தட்டி முடித்தேன்.

ஜூன் கடைசி வாரத்தில் எங்கள் பள்ளியில் ஆண்டிறுதிக் கடிதம் போகும். தலைமையாசிரியர் பிரைடன் எழுதுவார், நான் பக்கம் அமைப்பேன். முதல் இரண்டு பக்கம் செய்தி: பெண்கள் கால்பந்து அணி மாவட்ட இறுதியாட்டத்தில் தோற்றது, கடைசி வருட மாணவர்களின் நடன விருந்து, தோட்டத்தில் விளைந்த உருளைக்கிழங்கு, முதல் மாணவிக்கான பதக்கம். அடுத்த இரண்டு பக்கம் ஆகஸ்டில் தொடங்கும் புதுப் பள்ளி வருடத்துக்கான எதிர்பார்ப்புகள்: கறுப்பு ஷூ, கழுத்தில் டை, தொப்பி வைத்த சட்டை கூடாது, கைபேசி பைக்குள். வருடா வருடம் அதே பாட்டு. பெற்றோர்கள் படிக்காமலே குளிர்பதனப் பெட்டிக் கதவில் ஒட்டிவிடுவார்கள்.

அந்த வெள்ளிக்கிழமை பிற்பகல் பிரைடன் கடைசியாக ஒரு பத்தி அனுப்பினார். ஆகஸ்ட் முதல் வராத பிள்ளைகளின் வீட்டுக்குக் கணினியே குறுஞ்செய்தி அனுப்பும். வருகை தொண்ணூற்றிரண்டு சதவீதத்துக்குக் கீழே போனால் பெற்றோரைக் கூட்டத்துக்கு அழைப்பார்கள். "நெடுங்காலம் தொலைபேசிப் பணியாற்றிய திருமதி கெடஸ் நகலெடுக்கும் அறைக்கு மாறுகிறார், அவருக்கு நன்றி." கீழே எனக்கு ஒரு குறிப்பு: திங்கட்கிழமை கடிதம் போகும்வரை யாரிடமும் பேச வேண்டாம், திருமதி கெடஸிடம் நானே நேரில் சொல்கிறேன்.

எல்ஸ்பெத் மூன்றடி தள்ளி உட்கார்ந்து பிஸ்கட்டை டீயில் நனைத்துக்கொண்டிருந்தாள். நான் சொல்லவில்லை. சனியும் ஞாயிறும்கூட அவள் வீட்டுப்பக்கம் போகவில்லை. பிரைடனும் நேரில் சொல்லவில்லை. திங்கட்கிழமை காலை அவள் தன்னைப் பற்றிய செய்தியை, ஊரிலிருந்த அறுநூறு வீடுகளோடு சேர்ந்து, தானும் படித்துத் தெரிந்துகொண்டாள்.

"நகல் அறைல ஜன்னல்கூட கெடையாதே" என்றாள். அவ்வளவுதான். அன்று முழுவதும் வழக்கம்போலப் பேசினாள், வழக்கம்போல எழுதினாள்.

அது பெரிய அடி இல்லை. பெரிய அடி மறுநாள் வந்தது.

செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதே காலுக்கு நெட்டா ஸ்லேட்டர் அலுவலகக் கண்ணாடித் தடுப்புக்கு முன்னால் வந்து நின்றாள். நல்ல கோட்டு, தலை வாரியிருந்தது. கையில் ஒரு கடிதம். எல்ஸ்பெத் எழுந்து தடுப்பைத் திறந்தாள்.

"நெட்டா, உள்ள வாயேன்."

"வரல. இத நீயே படி. உரக்கப் படி."

எல்ஸ்பெத் படித்தாள். உரக்கப் படிக்கவில்லை. கர்ஸ்டியின் வருகை எண்பத்தொன்று சதவீதம் என்றும், ஆகஸ்டிலும் தொடர்ந்தால் விசாரணைக் கூட்டம் என்றும் அச்சடித்திருந்தது. கீழே ஒரு கட்டம், அதில் "காரணம்." கட்டத்துக்குள் எல்ஸ்பெத்தின் நோட்டு வாசகம், ஒரு சொல் மாறாமல்.

"கர்ஸ்டிதான் கவர பிரிச்சா" என்றாள் நெட்டா. "தன்னாலதான் அம்மா மாட்டிக்கிட்டான்னு நேத்திலேர்ந்து அழறா."

"நெட்டா, இது இப்படிப் போகும்னு எனக்கு..."

"நான் உன்கிட்ட சொன்னேன், எல்ஸ்பெத். பள்ளிக்கூடத்துகிட்ட சொல்லல. என் புருஷன்கிட்டகூட நான் சொல்லல."

கடிதத்தைத் தடுப்பு மேலேயே விட்டுவிட்டுப் போய்விட்டாள். அதற்குள் தொலைபேசி அடிக்க ஆரம்பித்திருந்தது. நோட்டிலிருந்த நாற்பத்து மூன்று வீடுகளுக்கும் இப்படி ஒரு கடிதம் ஒரே நாளில் போயிருந்தது.

எல்ஸ்பெத் மோர்வென் அறைக்குப் போனாள். என்னையும் வரச் சொன்னாள். "நீதான் தட்டின. நீயும் நில்லு" என்றாள். கதவைச் சாத்தவில்லை.

"உக்காருங்க, மிசஸ் கெடஸ்."

"நிக்கறேன்."

"எனக்கு இப்பதான் தெரியும். அந்தக் கட்டம் வெளிய அச்சாகும்னு யாரும் சொல்லல. சிஸ்டம் தானா அனுப்பிடுச்சு."

"சிஸ்டத்துக்குள்ள போட்டது யாரு?"

மோர்வென் மேசையைப் பார்த்தாள். "நான்தான்."

"மூணு பேர்தான் பாப்போம்னு சொன்னியே."

"ஆள் குறைக்கச் சொல்லி மேலிடத்துல உத்தரவு. ஹெச்.எம். அந்தப் பொறுப்ப என்கிட்ட குடுத்துட்டார். உங்க வேலைய மெஷின் செய்யணும்னா உங்களுக்குத் தெரிஞ்சதெல்லாம் உள்ள இருந்தாகணும். இல்லைன்னா எந்த வீட்டுக்குக் கடுமையா எழுதறது, எந்த வீட்டுக்கு..."

"மார்ச்ல காபி கொண்டு வந்தப்பவே இது தெரியுமா?"

"தெரியும்."

எல்ஸ்பெத்தின் குரல் உயரவில்லை. "உனக்குப் பதினாலு வயசு. அந்த வருஷம் முப்பத்தோரு நாள் நீ வரல. உங்கப்பா படகுத்துறையில குடிச்சிட்டு விழுந்து கெடப்பாரு, நீ போய் இழுத்துட்டு வந்து படுக்க வெப்ப. முப்பத்தோரு தடவையும் நான் பதிவேட்டுல என்ன எழுதினேன்?"

"மிசஸ் கெடஸ், ப்ளீஸ்."

"என்ன எழுதினேன்?"

"உடம்பு சரியில்லன்னு."

"அதுல ஒரு வரி நான் கூட எழுதியிருந்தா நீ இந்த நாற்காலில உக்காந்திருப்பியா?"

மோர்வெனின் முகம் திட்டுத்திட்டாகச் சிவந்தது. என்னை ஒருமுறை பார்த்தாள். அவளுடைய அப்பா இருதயக் கோளாறில் போனார் என்றுதான் எனக்கு அதுவரை தெரியும். ஊருக்கும் அப்படித்தான்.

வெளியே நடைவழியில் எல்ஸ்பெத் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "பாத்தியா, அவளோடதையும் சொல்லிட்டேன். இருபத்துநாலு வருஷம் வெச்சிருந்தேன்."

வியாழக்கிழமை பரிசளிப்பு விழா. மேடையில் எல்ஸ்பெத்துக்குப் பூங்கொத்து கொடுப்பதாக ஏற்பாடு. அவள் வரவில்லை. புதன் மதியத்திலிருந்து நாற்பத்து மூன்று முகவரிகளை ஒரு தாளில் எழுதிக்கொண்டு வீடு வீடாகப் போய்க்கொண்டிருந்தாள். அவள் கணவன் டூகி நண்டுக்கூண்டு போடப் போயிருந்ததால் என் காரில்தான் போனோம். நான் காரிலேயே உட்கார்ந்திருப்பேன். அவள் கதவைத் தட்டி ஒரே வாக்கியம் சொல்வாள்: "அந்த வரி நான் எழுதினது. உங்களைக் கேக்காம எழுதினேன்."

ஒரு வீட்டில் உள்ளே கூப்பிட்டு டீ கொடுத்து அவளையே சமாதானப்படுத்தினார்கள். இறால் பிடிக்கிற ஒருவன் வாசலில் நின்று சிரித்தான். "எம்பொண்டாட்டி ஓடிப்போனது ஊருக்கே தெரியும் எல்ஸ்பெத். நீ எழுதித்தான் தெரியணுமா?" ஆனால் அவள் படியிறங்கியதும் அவன் கதவை அடித்துச் சாத்திய சத்தம் கார்வரை கேட்டது. படுக்கையை நனைக்கிற பையனின் அம்மா, "என் பையனுக்கு இத யார் சொல்றது? நீ சொல்றியா?" என்று மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டாள். மேத்தர் வீட்டில், அவளுக்கு ஆகாத அந்த வீட்டில், பையன்களின் அப்பா நடுவில் பேசாமல் கடைசிவரை கேட்டுவிட்டு, "நேர்ல வந்தது நீ ஒருத்திதான்" என்றான்.

நெட்டா வீட்டில் கர்ஸ்டிதான் கதவைத் திறந்தாள். காரின் கண்ணாடி இறங்கியிருந்ததால் எனக்குக் கேட்டது.

"அம்மா பேச மாட்டாங்களாம்."

"சரிம்மா. நீ எப்படி இருக்க?"

"ஆகஸ்ட்லேர்ந்து திங்கக்கெழமையும் நான் வந்திருவேன். அம்மா போயே ஆகணும்னுட்டாங்க." பெண் கதவைப் பாதி சாத்தினாள். "அன்னைக்கு அம்மாவ யாரு பாத்துப்பாங்கன்னு தெரியல."

எல்ஸ்பெத் காருக்குள் வந்து உட்கார்ந்து, அடுத்த முகவரியைச் சொன்னாள்.

இருபத்தாறு குடும்பங்கள் சேர்ந்து கல்வித் துறைக்குப் புகார் எழுதின. எல்ஸ்பெத் தன் பெயரையும் போட்டு, தன் தவறு எது என்று ஒரு பக்கம் தனியாக எழுதிச் சேர்த்தாள். செப்டம்பரில் அந்தக் குறிப்புகளை அழித்துவிட்டதாகப் பதில் வந்தது. பிரைடன் எல்லா வீட்டுக்கும் மன்னிப்புக் கடிதம் அனுப்பினார். "தொழில்நுட்பப் பிழை" என்று எழுதியிருந்தார். அதையும் நான்தான் தட்டினேன்.

மோர்வென் ஈஸ்டருக்குள் தெற்கே ஒரு பள்ளிக்குத் தலைமையாசிரியையாகப் போய்விட்டாள். போவதற்கு முன் எல்ஸ்பெத்துக்கு ஒரு அட்டை அனுப்பினாள் என்று கேள்வி. அதில் என்ன இருந்தது என்று எல்ஸ்பெத் யாரிடமும் சொல்லவில்லை.

குறுஞ்செய்தி இப்போது காலை எட்டு ஐம்பத்தைந்துக்குப் போகிறது. காரணத்துக்கு ஓர் எண்ணை அழுத்தினால் போதும். ஒன்று என்றால் உடம்பு சரியில்லை. எங்கள் ஊரில் எல்லாரும் ஒன்றைத்தான் அழுத்துகிறார்கள்.

எல்ஸ்பெத் நகல் அறைக்குப் போகவில்லை. வேலையை விட்டுவிட்டுத் துறைமுகத்தில் ஐஸ் கிடங்கு அலுவலகத்தில் வாரத்துக்கு மூன்று காலை உட்காருகிறாள். நெட்டா எதிரே வந்தால் தெருவின் மறுபக்கம் மாறிவிடுகிறாள். எல்ஸ்பெத் நின்று, அவள் போகும்வரை வழி விடுகிறாள்.

அக்டோபர் விடுமுறையில் ஒருநாள் அவளிடம் சொன்னேன், கடிதத்தில் அவளைப் பற்றி வந்தது அந்த வெள்ளிக்கிழமையே எனக்குத் தெரியும் என்று. அவள் ஐஸ் ரசீதுகளை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"தெரியும்" என்றாள். "நீதானே பக்கம் போட்டவ. நீ அன்னைக்கே சொல்லியிருந்தா, மார்ச்ல அந்த நோட்ட எதுக்குக் கேட்டாங்கன்னு எனக்கு அப்பவே புரிஞ்சிருக்கும். கடிதம் போறதுக்கு முந்தியே நெட்டா வீட்டுக்கு நானே போயிருப்பேன்."

கோபித்துக்கொள்ளவில்லை. டீ போட்டுக் கொடுத்தாள். இப்போதும் வாரம் ஒருமுறை போகிறேன். காற்றைப் பற்றி, மீன் விலையைப் பற்றிப் பேசுகிறோம். போன மாதம் அவள் கணவன் டூகிக்கு அறுவை சிகிச்சை நடந்திருக்கிறது. அதை ரொட்டிக் கடையில் வேறு யாரோ சொல்லித்தான் நான் தெரிந்துகொண்டேன்.