சோப்பில் வெந்த விண்கலம்

என் வீட்டுக்காரரின் தம்பிக்குச் சரக்குக் கப்பலில் வேலை. எண்பத்தைந்தோ எண்பத்தாறோ, லீவில் ஆரணிக்கு வந்தவர் ஜப்பானில் வாங்கிய ஒரு அட்டைப்பெட்டியை எங்கள் தறிக்குப் பக்கத்தில் வைத்துப் பிரித்தார். மிட்டாய் என்றுதான் நினைத்தேன். உள்ளே எலும்புத்துண்டு மாதிரி நாற்பது சாமான்கள். ரெசின் என்கிற பிளாஸ்டிக் பிசினில் வார்த்ததாம். சேர்த்து ஒட்டினால் பெட்டிமேல் படத்தில் இருக்கிற விண்கலம் வருமாம்.

"இது எந்த நாட்டு ராக்கெட்டுடா?" என்றார் வீட்டுக்காரர்.

"எந்த நாட்டுதும் இல்லண்ணா. கதையில பறக்குறது."

"கதையில பறக்குறதுக்கு எங்க வீட்ல எதுக்குடா எடம்?"

கப்பலில் நாலு பேர் ஆளுக்கொரு பெட்டி வாங்கியிருக்கிறார்கள். லீவு முடிந்து திரும்பும்போது செய்து எடுத்துவந்து காட்ட வேண்டும் என்று பேச்சு. "நெசவுக்காரன் வீட்டு ஆளுக்கு இதெல்லாம் வராதுன்னு சிரிச்சாங்க அண்ணி" என்றார் தம்பி. எனக்குச் சுருக்கென்றது. நெசவுக்காரன் வீட்டுக்கு வராதது வேறு யாருக்கு வரும்?

செய்முறைத் தாளை விரித்தார். முழுக்க ஜப்பான் எழுத்து. நான் இரண்டாம் வகுப்போடு நின்றவள், அவர் பத்து படித்தவர். அந்தத் தாளுக்கு முன்னால் இரண்டு பேரும் ஒன்றுதான். படம் பார்த்துத்தான் செய்ய வேண்டும். படம் பார்த்து ஜரிகைப் பூ போடுகிறவளுக்கு அது ஒரு கஷ்டமா?

அவர் கை இன்ஜின் திருகின கை. பிளேடால் ஒரு பிசிறு சீவுவதற்குள் விரலைச் சீவிக்கொண்டார். "இப்படிக் குடுங்க தம்பி" என்று வாங்கிக்கொண்டேன். அறுந்த பட்டு இழையைப் பார்க்காமலே முடிச்சுப் போடுகிற விரல் என்னுடையது. பிசிறு சீவினேன், உப்புத்தாளால் தேய்த்தேன், காற்றுக்குழி விழுந்த இடமெல்லாம் பசை வைத்து அடைத்தேன். பெருமைக்குச் சொல்லவில்லை. சரி, பெருமைக்குத்தான் சொல்கிறேன்.

இறக்கை இரண்டும் பெட்டியில் வரும்போதே கொஞ்சம் கோணல். அதற்கு வழி தெரியவில்லை. சைக்கிள் கடையில் வெள்ளை பெயின்ட் வாங்கிவந்து அவற்றுக்கு அடித்தோம். மறுநாள் காலையில் தொட்டால் வெங்காயத்தோல் மாதிரி உரிந்துகொண்டு வந்தது.

"பேஜாராப் போச்சு அண்ணி. நாலு நாள்ல கெளம்பணும்" என்று தலையில் கை வைத்தார். வேறு பெயின்ட் கிடைக்குமா பார்க்கிறேன் என்று வெளியே போனார்.

இறக்கையைத் தடவிப் பார்த்தேன். எண்ணெய்ப் பிசுக்கு. உடனே புரிந்துவிட்டது. பட்டு நூலிலும் முதலில் ஒரு பசை இருக்கும். சோப்பும் சோடாவும் போட்டுக் கொதிக்கவைத்து அதை எடுத்தால்தான் சாயம் பிடிக்கும். இதுவும் அப்படித்தான் என்று அடுப்பை மூட்டினேன். நூலுக்குப் போடுகிற அதே சோப்பு, அதே தீ.

கொஞ்ச நேரம் கழித்துக் குச்சியால் தூக்கினேன். இறக்கை குச்சியின் இரண்டு பக்கமும் தொங்கியது, நனைந்த அப்பளம் மாதிரி.

அப்போதுதான் தம்பி உள்ளே வந்தார். "என்னா அண்ணி பண்ணிகினு இருக்கீங்க? ஐயோ, கஞ்சி காச்சிட்டீங்களா! எங்க கப்பலு இப்போதைக்கு ஜப்பான் பக்கமே போவாது. இன்னொன்னுக்கு நான் எங்க போவேன்?"

எனக்கும் பயம்தான். முகத்தில் காட்டவில்லை. "கத்தாதீங்க. ஜல்தியா அந்த மணையக் கொண்டாங்க."

சூட்டில் இளகியது குளிர்ந்தால் இறுகத்தானே வேண்டும்? இறக்கை இரண்டையும் சிமென்ட் தரையில் பரப்பி, மணையை மேலே வைத்து ஏறி உட்கார்ந்தேன். "சுத்திப் பச்சத் தண்ணி ஊத்துங்க தம்பி!" ஒரு குடம் ஊற்றினார். புடவையெல்லாம் நனைந்தது.

வீட்டுக்காரர் தறிக்குழியிலிருந்து எட்டிப் பார்த்தார். "என்னா, அடைக்கு உக்காந்துட்டியா? குஞ்சு எப்போ பறக்கும்?"

"நாலு நாள்ல பறக்கும். நீங்க தறியப் பாருங்க."

வாய்தான் அப்படிச் சொன்னது. இது கெட்டால் தம்பி வெறுங்கையோடு போய் நிற்பார், கப்பலில் சிரிப்பார்கள், காரணம் நான். இறக்கையின் சூடு ஆறி, மணை சில்லிட்ட பிறகுதான் எழுந்தேன். தம்பி மணையைத் தூக்கினார். இறக்கையைக் கண்ணுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார். பழைய கோணல்கூட இல்லை. மறுபடி பெயின்ட் அடித்தோம். நகத்தால் சுரண்டியும் வரவில்லை. விண்கலத்தை முழுசாக ஒட்டி, கழித்துப்போட்ட பட்டு நூலில் சுற்றி, நாலாம் நாள் எடுத்துக்கொண்டு போனார்.

இரண்டு மாதம் கழித்துக் கடிதம் வந்தது. வீட்டுக்காரர் படித்துக் காட்டினார். மற்ற மூன்று பேருடையதும் இறக்கை கோணலாம், பெயின்ட் உரிகிறதாம். இவருடையது மட்டும் எப்படி என்று துளைத்தார்களாம். 'வெந்நீரில் போட்டு நிமிர்த்தினேன் என்று சொன்னேன்' என்று எழுதியிருந்தார்.

"நிமிர்த்தினேனா?" என்றேன்.

பதில் கடிதத்தில் வீட்டுக்காரர் ஊர்ச் செய்தியெல்லாம் எழுதினார். அடியில் ஒரு வரி இடம் விடச் சொன்னேன். பேனாவை வாங்கி, எழுத்துக் கூட்டி, அதை மட்டும் நானே எழுதினேன்: 'தம்பி, உட்கார்ந்தது நான்.'

அடுத்த லீவில் வந்தவர் புதுப் பெட்டியை அண்ணனிடம் நீட்டவில்லை, என் கையில் கொடுத்தார். "இப்போ எல்லாருக்கும் தெரியும் அண்ணி. உங்களக் கேட்டதா சொல்லச் சொன்னாங்க."

பெட்டியைப் பிரிக்கும் முன்னால் அடுப்பை மூட்டினேன்.