கட்டிலுக்கடியில் வெற்றிக்கோப்பை

மகளை விளையாட்டு ஒதுக்கீட்டில் சேர்ப்பதற்காகப் போன மாதம் மயிலாப்பூர்ப் பக்கம் அந்த மகளிர் கல்லூரிக்குப் போயிருந்தேன். வரவேற்பறைச் சுவர் முழுக்கக் கால்பந்து அணியின் வரலாற்றை எழுதி, கோப்பைகளைக் கண்ணாடிக்குள் அடுக்கியிருக்கிறார்கள். வருடாவருடம் ஜெயித்த அணி, பெருமை வேண்டியதுதான். ஆனால் முதல் வரியிலேயே, ‘பெற்றோர், உற்றாரின் பேராதரவோடு’ வளர்ந்த அணி என்று போட்டிருந்தது. பேராதரவாம்! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அதற்குக் கீழேயே, விளிம்பு நசுங்கிய அந்தப் பழைய கோப்பை உட்கார்ந்திருந்தது. அதை நசுக்கியது எங்கள் வீட்டுப் பேராதரவு.

அத்தை, அதாவது அப்பாவின் தங்கை, அந்த அணியில் முன்வரிசை ஆட்டக்காரி. கோப்பை ஜெயித்தால் அதை ஒவ்வொருத்தி வீட்டிலும் ஒரு வாரம் வைத்துக்கொள்வது அவர்கள் வழக்கம். அபிராமபுரத்தில் எங்கள் வீட்டு முறை வந்த வாரம் பார்த்து, அத்தையைப் பெண் பார்க்க வந்தார்கள். நிச்சயமாகிவிட்டால் அன்றோடு பந்து கிடையாது என்று அப்பா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அத்தைக்கோ இன்னும் ஒரு வருடப் படிப்பும் ஒரு வருட ஆட்டமும் பாக்கி இருந்தன.

காலையிலேயே அப்பா கோப்பையைப் பழைய வேட்டியில் சுற்றிக் கட்டிலுக்கடியில் தள்ளினார், திருட்டுச் சாமானைப் பதுக்குவதுபோல. எட்டு வயதில் எனக்கு வந்த கோபம் இப்போது நினைத்தாலும் நியாயம் என்றே தோன்றுகிறது. கூடத்தில் சொஜ்ஜி, பஜ்ஜி போய்க்கொண்டிருந்தபோது, எல்லோரும் பார்க்கட்டும் என்று கோப்பையை இழுத்து எடுத்துக்கொண்டு அங்கே ஓடினேன். வேட்டி காலில் சிக்கி நிலைப்படியில் விழுந்தேன். கோப்பை ணங்கென்று மோதி, விளிம்பு நசுங்கி, உருண்டு போய் மாப்பிள்ளையின் அம்மா காலடியில் நின்றது.

“இது யாரோடது?” என்றார் அந்த அம்மாள்.

“என்னோடதுதான் மாமி. காலேஜ்ல ஃபுட்பால் ஆடினேன்,” என்றார் அப்பா, கொஞ்சமும் கூசாமல். தெருவில் பந்து உருண்டு வந்தால் ஒதுங்கிப் போகிற மனிதர்!

மாப்பிள்ளைக்கு ஆர்வம் வந்துவிட்டது. “எந்த இடத்துல ஆடினேள்?”

“கோல்கீப்பர். ஃபைனல்ல ரெண்டு கோல் போட்டேன்.”

காபித் தட்டோடு தலைகுனிந்து நின்றிருந்த அத்தை நிமிர்ந்தாள். தட்டை மேஜைமேல் வைத்தாள். “அண்ணா, கோல்கீப்பர் கோலைத் தடுக்கறவா. ஃபைனல்ல ஒரே கோல்தான். அதை நான் போட்டேன், தலையால முட்டி.”

“பொண்ணு தலையால முட்டினாளா!” மாப்பிள்ளையின் அம்மா எழுந்துவிட்டார். பந்தில் அவ்வளவு ஆர்வம் காட்டிய பிள்ளையும் செருப்பைத் தேடிப் போனார்.

அவர்கள் தலை மறைந்ததும் அப்பா என் முதுகில் இரண்டு வைத்தார். “போச்சு, நல்ல இடம் போச்சு!” கூசாமல் பொய் சொன்னவரை வீட்டில் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. எல்லாம் என்னால்தான் என்று, அத்தைக்காக நான் விம்மி விம்மி அழுதேன்.

அத்தையோ அடுக்களையில் மிச்சமிருந்த பஜ்ஜியையெல்லாம் தட்டில் போட்டுக்கொண்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். கோப்பையைப் புடவைத் தலைப்பால் துடைத்து மடியில் வைத்துக்கொண்டாள். “அழாதேடி. கார்த்தால பிராக்டிஸ் இருக்கு, என்னை எழுப்பி விடு,” என்றாள், வாய் நிறையப் பஜ்ஜியோடு.

வேண்டாமென்று எழுந்து போனவர்களை நினைத்து ஒரு சொட்டுக் கண்ணீர்கூட விடாமல் இவளுக்கு எப்படி இவ்வளவு பசிக்கிறது என்று, எனக்கு அவள்மேலும் ஆத்திரமாக வந்தது.